பதாகையில் இருந்த தேர்வாளர்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, தாம்பரத்தை அடுத்த கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறைக் கூடத்தில் நடைபெறவிருந்த பொது வாய்மொழித் தேர்வு நடைபெறவில்லை. முனைவர் பட்டத்துக்கான தேர்வு அது. ஆய்வாளர் ஜெ. உதயா, வயது முப்பத்து மூன்று. அதே கல்லூரியில் தற்காலிக ஆசிரியர். ஆய்வுப் பொருள், தென்சென்னைப் புறநகரின் நான்கு ஏரிகளில் ஆகாயத்தாமரை பரவும் முறை. அவள் 2018ஆம் ஆண்டு ஜூலையில் பதிவு செய்தாள். அளிக்கத்தக்க நீட்டிப்புகள் அனைத்தையும் சேர்த்து அப்பதிவு 2025 ஜூன் 30 அன்று முடிவுக்கு வரும். ஆய்வேட்டை மதிப்பிட்ட இருவரும் அது தகுதியுடையது என்று எழுதியிருந்தனர். எஞ்சியிருந்தது வாய்மொழித் தேர்வு மட்டுமே. அது ஜூன் 30க்குள் நடைபெறாவிட்டால் ஏழாண்டு உழைப்பும் கணக்கில் வராது.

நடைபெறாமைக்குக் காரணம், கல்லூரி வாயிலுக்கு இடப்புறம் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே கட்டப்பட்டிருந்த, இருபதடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள ஒரு பதாகை. அதைக் கட்டச் சொன்னவர் உதயாவின் தந்தை ஜெயவேலு. இரும்புலியூரில் நிலம் வைத்திருந்த பழைய குடும்பம் அவர்களுடையது. நிலங்கள் மனைகளாகிவிட்டன, இப்போது நான்கு கடைகளும் மாடியில் இரண்டு வீடுகளும் வாடகைக்கு விடப்பட்டுள்ளன. ஜெயவேலு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு கட்சியின் வட்டச் செயலாளர்.

பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டாண்டுகளாகத் துணைவேந்தர் இல்லை. அவரை நியமிக்கும் உரிமை எவருக்கு உண்டு என்ற வழக்கு முடியவில்லை. மூவர் கொண்ட ஒருங்கிணைப்புக் குழு ஒன்று பல்கலைக்கழகத்தை நடத்திவந்தது. மூவரில் ஒருவர் ஒரு தரப்பு, ஒருவர் மறுதரப்பு, மூன்றாமவர் பெரும்பாலும் விடுப்பில் இருந்தார்.

அன்று பொழுது புலர்ந்தபோதே இரும்புலியூர் வீட்டின் பின்புறத்தில் பெரிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வருவோருக்கு ஆய்வாளரின் வீட்டார் உணவளிப்பது எந்த விதியிலும் எழுதப்படாத, ஆனால் எவரும் மீறாத வழக்கம். இருபது பேருக்குப் போதும் என்று உதயா சொல்லியிருந்தாள். அவளுடைய தாய் தையல்நாயகி எண்பது பேருக்குப் பிரிஞ்சி செய்துகொண்டிருந்தாள். கத்தரி வெயில் முடிந்து இரண்டு வாரமாகியும் வெக்கை தணியவில்லை. தேங்காய்ப்பால் கொதிக்கும் ஆவியும் பட்டை கிராம்பு மணமும் கொல்லையைவிட்டு நகரவில்லை. இரண்டு உறவுப் பெண்கள் வெங்காயம் அரிந்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி தயிர்ப் பச்சடியில் இறங்கியிருந்தனர்.

தயிரை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்த தையல்நாயகி, வழக்கம்போல் கீழ்த்தட்டைத் தொடவில்லை. ஏழாண்டுகளாக அந்தத் தட்டு அவளுக்கு உரியதன்று. இட்லி மாவுக்குக் கீழே ஏரித் தண்ணீர் நிரம்பிய புட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மீதும் ஏரியின் பெயர், தேதி, நேரம் எழுதிய சீட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் பீர்க்கன்காரணை, இரும்புலியூர், செம்பாக்கம், திருநீர்மலை என்று தாயும் மகளும் ஸ்கூட்டரில் போய் எடுத்து வருவார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு மூதாட்டி திருநீர்மலை என்ற சீட்டைப் பார்த்துவிட்டுக் கோயில் தீர்த்தம் என்று கருதித் தலையில் தெளித்துக்கொண்டதும் உண்டு. மூன்று நாள் தலை அரித்தது என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

"எண்பது பேருக்கு எதுக்கும்மா? யார் வரப் போறாங்க?" என்று கேட்டாள் உதயா.

"உங்க நைனாவக் கேளு. வேன் சொல்லிகீறாரு."

"வேனா?"

ஜெயவேலு வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டபடி வந்தார். கட்சிக் கரை போட்ட வேட்டி மொடமொடவென்று இருந்தது.

"நீதான பாப்பா அந்த நோட்டீஸக் காட்டின? பொதுமக்களும் கலந்துக்கலாம்னு போட்டுகீது. பொதுமக்கள்னா யாரு? நம்ம ஜனந்தான? ரெண்டு வேன் சொல்லிகீறேன்."

"நைனா, அது ரூலுக்காகப் போடறது. எந்த வைவாவுக்கும் வெளியாள் வர மாட்டாங்க."

"அதான் தப்புன்றேன். எங்க வட்டத்துல ஒரு நிகழ்ச்சி, கூட்டமே இல்லாம நடந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. கேள்வியெல்லாம் கூட கேக்கலாமாமே?"

"கேக்கலாம்."

"ஏரிய எப்ப தூர் வாருவீங்கன்னு கேட்டா, பரீட்சை வெக்க வர்ற அந்த சாரு சொல்லுவாரா?"

"அவர் கலெக்டர் இல்ல நைனா."

தையல்நாயகி கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "யோவ், நீ வாயத் தொறக்காம பின்னாடி பெஞ்சில குந்து. போதும். நீ கேக்கற கேள்வியில புள்ள படிச்சதெல்லாம் மறந்துடப் போவுது."

பேராசிரியர் அசரியா வெளித் தேர்வாளர். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முப்பதாண்டு பணியாற்றியவர். அன்று காலை தாம்பரத்தில் இரயிலிலிருந்து இறங்கி, எதிரில் ஒரு விடுதியில் குளித்து, பத்தரை மணிக்கு ஆட்டோவில் கல்லூரி வாயிலை அடைந்தார். இறங்கவில்லை. ஆட்டோவுக்குள் இருந்தபடியே தலையைச் சற்றுக் குனிந்து பதாகையை முழுவதுமாகப் படித்தார். அவரை எதிர்கொள்ள வந்த உதயா வாயிலில் நின்று அதைப் பார்த்தாள்.

மேல் வரிசையில் கட்சித் தலைவர்கள் ஐவர், வட்டங்களுக்குள். இடப்புறம் கைகூப்பிய ஜெயவேலு. வலப்புறம் பட்டமளிப்பு அங்கியில் உதயா. அந்த அங்கியை அவள் ஒருநாளும் அணிந்ததில்லை, அச்சகத்தார் கணினியில் அணிவித்திருந்தார். நடுவில், எல்லாரையும்விடப் பெரிய உருவில், அசரியா. அவருடைய கல்லூரி இணையதளத்திலிருந்து எடுத்த படம் அது. அதற்குக் கீழே இருந்த வாசகம் இது: "எங்கள் வட்டத்தின் முதல் முனைவர் உதயாவுக்குப் பட்டம் வழங்க வருகை தரும் பேராசிரியர் அசரியா அவர்களே, வருக, வருக!"

தேர்வு தொடங்க அரைமணி நேரம் இருந்தது.

வாயிலில் நின்ற ஜெயவேலு ஓடிவந்து ஆட்டோவுக்குள் கைநீட்டி, கரை போட்ட சால்வை ஒன்றை அவர் தோளில் போர்த்தினார். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அசரியா சால்வையை எடுத்து நான்காக மடித்தார்.

"நீங்க பிள்ளைக்கு அப்பாவா?"

"ஆமா சார். ஜெயவேலு. வட்டம்."

"பிடிங்க" என்று சால்வையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

துறை அறையில் நெறியாளர் சுந்தரராமன் எழுந்து நின்றார். அவர் பின்வாயில் வழியாக வந்தவர்; பதாகையைப் பார்க்கவில்லை, சற்றுமுன் கேள்விப்பட்டதோடு சரி. அசரியாவின் பின்னாலேயே வந்த உதயா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"சார், சத்தியமா எனக்குத் தெரியாது சார். ஃபேமிலி பண்ணிட்டாங்க. இன்னொசன்ட் பீப்பிள். இப்பவே அவுக்கச் சொல்லிட்டேன்."

"அவுத்தா ஆச்சா? விடியக்காலத்துல இருந்து பஸ்ல போறவன் வாறவன் எல்லாம் பாத்திருக்கான்."

"தீசிஸ் நல்ல தீசிஸ் சார். ரிப்போர்ட்ல நீங்களே எழுதியிருக்கீங்க."

"அதனாலதான் சொல்லுதேன். அந்த ரிப்போர்ட்ட இனிமே அந்த போர்டுக்குக் கீழ வச்சுத்தான் படிப்பாங்க. இன்னைக்கு நான் தகுதி உண்டுன்னு கையெழுத்துப் போட்டா அது நான் போட்டது இல்ல. போர்டுல நிக்கானே, அந்த ஆள் போட்டது. இல்லன்னு போட்டாலும் அப்படித்தான்."

அவர் படிவத்தை வாங்கி, 'தேர்வு நடத்தப்படவில்லை' என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் மூன்று வரிகள் எழுதினார். எழுதாமல் இருக்க அவருக்கு உரிமை இல்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து உதயாவிடம் நீட்டினார்.

"உம்மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. மூணாவது அத்தியாயத்துல கேக்கணும்னு எட்டு கேள்வி எழுதி வச்சிருந்தேன். நீ வச்சுக்கோ."

ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

வந்திருந்த மக்கள் மரநிழலில் உட்கார்ந்திருந்தனர். தேர்வு முடிந்துவிட்டது என்று சிலர் நினைத்தனர். பிரிஞ்சி பரிமாறப்பட்டது. மிஞ்சியதைப் புதுக் கட்டடத்தில் வேலை செய்தோருக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் தையல்நாயகி தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். ஜெயவேலு வேப்பமரத்தில் ஏறியவனைக் கீழே இருந்து அதட்டி, பதாகையை அவிழ்க்கச் செய்தார். அவருக்கு விளங்காதது ஒன்றே ஒன்று.

"வெளியூர்ல இருந்து நமக்கோசரம் வர்ற மனுசன். அவரு படம் இல்லாம எங்க மூஞ்சிய மட்டும் போட்டா அசிங்கமா இருக்காதா? பெருசாத்தான போட்டோம்? இதுல இன்னா தப்பு?"

"ஒரு வாய் கூட சாப்டல அந்த மனுசன்" என்றாள் தையல்நாயகி. அவளுடைய கவலை வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வாய்மொழித் தேர்வை அரசியல் நிகழ்ச்சியாக்கித் தேர்வாளருக்குச் செல்வாக்கைக் காட்ட முயன்றது குறித்து, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவேண்டும் என்பது அதன் சாரம். பத்து நிமிடத்தில் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலர் சந்திரிகா தொலைபேசியில் அழைத்தார். உதயா ஒலிபெருக்கியைப் போட்டுச் சாப்பாட்டு மேசைமீது வைத்தாள்.

"உதயா, நான் இப்ப சொல்றது மெயில்ல இருக்காது. நோட் பண்ணிக்கோங்க."

"சொல்லுங்க மேடம்."

"அந்த பேனர் எனக்குத் தெரியாம, எனக்குக் கெட்ட பேர் வரணும்னே யாரோ வெச்சிருக்காங்கன்னு நீங்க எழுதின ஒரு லெட்டர். கூட போலீஸ் கம்ப்ளெயின்ட் காப்பி. ரெண்டும் மண்டே வந்துடுச்சுன்னா செக்‌ஷன்லயே க்ளோஸ் பண்ணிடலாம். பேனல்ல அடுத்த எக்ஸாமினர் ரெடியா இருக்காரு. இருபத்தேழாம் தேதி வைவா. இல்லன்னா ஃபைல் கமிட்டிக்குப் போயிடும். கமிட்டி ஜூலை நடுவுலதான் உக்காரும்."

"ஜூலைல என் ரெஜிஸ்ட்ரேஷனே இருக்காதே மேடம்."

"அதுக்குத்தாம்மா ஃபோன் பண்றேன். எனக்கும் ஒரு பொண்ணு பி.எச்டி. பண்றா."

தொடர்பு துண்டிக்கப்பட்டதும் ஜெயவேலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ்ளோதானா? இதுக்குப் போயி நேத்துலேர்ந்து சோறு துண்ணாம கீற. ஸ்டேஷன்ல சொல்லி ஒரு கம்ப்ளெயின்ட் காப்பி வாங்கிக்கலாம். யாரோ வெச்சிட்டாங்கன்னு எழுது."

"அதுல உன் போட்டோ இருக்கு நைனா."

"எவனோ என் போட்டோவப் போட்டு வெச்சிட்டான்னு எழுது. அரசியல்ல இதெல்லாம் சகஜம். போன எலெக்சன்ல நானே ரெண்டு வெச்சிகீறேன்."

"கீழ ஓரத்துல ஆபேல் பேரும் ஃபோன் நம்பரும் போட்டுகீதே" என்றாள் தையல்நாயகி. அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தாள். "போலீசு யாராண்ட போவும்?"

ஆபேல் முடிச்சூர் சாலையில் பதாகை அச்சிடும் கடை வைத்திருப்பவர். ஜெயவேலுவின் கட்சிக்கு எல்லாப் பதாகையும் அவர் கடையில்தான்.

"ஆபேலாண்ட நான் பேசிக்கிறேன். ஒரு நாள் குந்த வெப்பாங்க. உட்டுடுவாங்க."

"போன வருசம் நாப்பது நாளு அவன் கடைக்கு சீல் வெச்சிருந்தாங்களே, யாரு போர்டுக்கு? உன் தலைவரு பொறந்தநாளு போர்டுக்கு. மறந்துட்டியா? அவன் பொண்டாட்டி கிறிஸ்டினா தெனம் வந்து இந்த வாசப்படியில நின்னுச்சே. இன்னொரு தபா பூட்டினா தொறக்க மாட்டாங்கன்னு எழுதி வாங்கினாங்கன்னு நீதான சொன்ன?"

"நீ சும்மா இரு தையலு. புள்ள ஏழு வருசம் படிச்சது பெருசா, அவன் கடை பெருசா?"

"எனக்கு ரெண்டும் தெரியும். புட்டி தூக்கினது நான்."

உதயா இருவரையும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நைனா, இன்னொரு விஷயம் இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு எழுத முடியாது. செவ்வாய்க்கிழமை ஆபேல் அண்ணா டிசைன எனக்கு அனுப்பினாரு. நான் பாத்தேன்."

கைபேசியைத் திறந்து நீட்டினாள். ஜூன் 10, மாலை 4.12: பதாகையின் படம். 'பாப்பா செக் பண்ணி சொல்லு.' மாலை 4.20: 'சூப்பர் அண்ணா. ஓகே.'

ஜெயவேலு மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்து படித்தார். "அந்த சாரு போட்டோ இருந்ததப் பாக்கலியா?"

"பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

எட்டு நிமிடம் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஆராய்ச்சி முறை குறித்து மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவள். தேர்வாளரும் ஆய்வாளரும் தேர்வுக்கு முன் ஒரு தேநீர்கூடச் சேர்ந்து குடிக்கக்கூடாது என்பதை அறிந்தவள். இருந்தும் அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு, வெளியூரிலிருந்து வருபவரைப் பதாகையில் போட்டு வரவேற்பது ஒரு பிழையாகத் தோன்றவில்லை. மற்றவர்கள் பொட்டு வைத்துப் பன்னீர் தெளிப்பதுபோல் அங்கே அது ஒரு மரியாதை. ஆட்டோவிலிருந்து அசரியா தலைகுனிந்து படித்த அந்தக் கணத்தில்தான் அவள் அதை வேறு கண்ணால் பார்த்தாள்.

சனிக்கிழமை முற்பகல் அவள் முடிச்சூர் சாலைக்குப் போனாள். அச்சு இயந்திரம் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. மை நெடி தொண்டையைப் பிடித்தது. ஒரு காதணி விழாப் பதாகை அங்குலம் அங்குலமாக வெளிவந்துகொண்டிருந்தது. கிறிஸ்டினா தரையில் உட்கார்ந்து, முடிந்த பதாகையின் ஓரத்தில் கயிறு கோக்கும் வளையங்களைச் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வா உதயா" என்றாள், தலையைத் தூக்காமல். "டாக்டரம்மான்னு கூப்புடணுமா, இன்னும் இல்லியா?"

"இன்னும் இல்லக்கா."

"பட்டம் வந்தா ஸ்வீட்டு நீ குடுப்பியா, இல்ல போலீசு வந்து குடுப்பாங்களா?"

"ஏ, சும்மா இருடி" என்று ஆபேல் இயந்திரத்தை நிறுத்தினார். பேரோசை அடங்கியதும் அவர் குரல் தேவைக்கு அதிகமாகக் கேட்டது. "அண்ணன் நேத்தே போன் பண்ணாரு பாப்பா. எல்லாம் சொன்னாரு. நீ கம்ப்ளெயின்ட் குடுத்துக்க. யாரு ஆர்டர் குடுத்தான்னு கேட்டா, யாரோ வந்தான், மொகம் நெனப்பில்லன்னு சொல்லிடறேன்."

"நான் ஓகே சொன்ன மெசேஜ் உங்ககிட்ட இருக்கே அண்ணா."

"அழிச்சிட்டேன். நேத்தே. நீயும் அழிச்சுடு."

சுத்தியல் ஓசை நின்றது.

"அது ஒண்ணுதான் நம்ம கையில இருந்துச்சு" என்று கிறிஸ்டினா கணவனைப் பார்த்துச் சொன்னாள். "அதையும் அழிச்சியா நீ?"

"புள்ள படிச்சி மேல வரட்டும்டி." ஆபேல் உதயாவின் பக்கம் திரும்பினார். "மிஷின மட்டும் தூக்கிகினு போவாம உங்க நைனாவப் பாத்துக்கச் சொல்லு. லோன் ட்யூ முடிய இன்னும் நாளு கீது. வேற ஒண்ணுமில்ல."

அவர் மீண்டும் இயந்திரத்தை ஓடவிட்டார்.

அன்று மாலை மேற்கே திருநீர்மலைப் பக்கம் கறுத்து, காற்றோடு மழை கொட்டியது. கொல்லையில் தகரக் கூரை ஒழுகும் இடத்தில் தையல்நாயகி சுருட்டி வைத்திருந்த பதாகையைப் பின்புறம் மேலாக விரித்துச் செங்கற்களை வைத்தாள். அப்பகுதியில் தேர்தல் முடிந்த எல்லாப் பதாகைகளும் அப்படித்தான் பயன்படுகின்றன. உதயா மாடிப்படியில் உட்கார்ந்து நெறியாளருக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"நடந்ததையே எழுதிடலாம்னு இருக்கேன் சார்."

"உதயா, லிசன். உண்மையெல்லாம் ரொம்ப சரி. ஆனா அந்த ஃபைல்ல அதுக்கு இடம் கிடையாது. அவங்களுக்கு ஒரு லெட்டர் வேணும், ஒரு கம்ப்ளெயின்ட் காப்பி வேணும். படிச்சுக்கூடப் பார்க்க மாட்டா. உள்ள வெச்சுக் கட்டிடுவா."

"படிச்சுப் பாக்க மாட்டாங்கன்னா எதை எழுதினா என்ன சார்?"

"விளையாடாதே. ஜூலை முப்பத்தொண்ணோட நான் ரிட்டயர்டு. புதுசா ஒரு கைடு கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரியும். செவன் இயர்ஸ்மா."

"கம்ப்ளெயின்ட் குடுத்தா ஆபேல் அண்ணா கடையை மூடுவாங்க சார்."

"அது யாரு?" என்று கேட்டார் சுந்தரராமன்.

கடிதத்தை அவள் ஞாயிற்றுக்கிழமை எழுதினாள். ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம். பதாகையை வைத்தவர் தன் தந்தை என்றும், அதன் வடிவத்தை ஜூன் 10 அன்று தான் பார்த்து ஒப்புதல் அளித்ததாகவும், தேர்வாளரின் பெயரும் படமும் அதில் இடம்பெற்றது தவறு என்பதை அப்போது தான் உணரவில்லை என்றும், பேராசிரியர் அசரியாவுக்கு இதில் எத்தொடர்பும் இல்லை என்றும், வேறு தேர்வாளரைக் கொண்டு ஜூன் 30க்குள் தேர்வு நடத்தும்படி வேண்டுவதாகவும் எழுதியிருந்தாள். அச்சகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தாளை ஜெயவேலுவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். மாடியில் குடியிருப்போர் அம்மியில் எதையோ அரைக்கும் ஓசை கேட்டது.

"என் பேரப் போட்டுகீற."

"ஆமா நைனா."

"கட்சிப் பேரு?"

"போடல. ஆனா அவங்ககிட்ட போட்டோ இருக்கு."

"வட்டத்துலேர்ந்து தூக்கிட்டான்னா?"

"தூக்குவாங்களா?"

"தெரியல. படிச்ச புள்ளய வெச்சிகினு பேரக் கெடுத்துக்கினான்னு சொல்லுவானுங்க." அவர் தாளைத் திரும்ப நீட்டினார், பிறகு மீண்டும் இழுத்துக்கொண்டார். "இதுல ஒண்ணு தப்பு கீது. 'என் தந்தை அறியாமையால்'னு எழுதிகீற."

"ஆமா."

"அறியாம ஒண்ணும் பண்ணல. மரியாதைக்குப் பண்ணேன். மாத்து."

அவள் மாற்றினாள். 'மரியாதை கருதி' என்று எழுதினாள். தையல்நாயகி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்புட வரீங்களா, இல்ல இன்னொரு போர்டு எழுதறீங்களா?" என்றாள்.

ஜூன் 16, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு உதயா கடிதத்தை நேரில் ஒப்படைத்தாள். சந்திரிகா அதை நின்றபடியே முழுவதும் படித்தார்.

"கம்ப்ளெயின்ட் காப்பி?"

"இல்ல மேடம்."

"இன்னும் மூணு மணி நேரம் இருக்கும்மா."

"தெரியும் மேடம்."

சந்திரிகா முத்திரையைக் குத்தித் தேதியிட்டு நகலைத் திருப்பித் தந்தார்.

ஜூன் 30 கடந்தது. அன்று வீட்டில் எவரும் நாள்காட்டியைக் கிழிக்கவில்லை. மறுநாள் தையல்நாயகி இரண்டு தாள்களையும் சேர்த்துக் கிழித்தாள்.

ஒருங்கிணைப்புக் குழு ஜூலை 17 அன்று கூடியது. உறுப்பினர் ஒருவர், ஆய்வாளர் உண்மையை ஒளிக்காமல் எழுதியிருப்பதால் சிறப்பு நீட்டிப்பு அளிக்கலாம் என்றார். மற்றவர், ஒரு கட்சிக்காரர் தேர்வில் தலையிட்டதற்கு ஆய்வாளரே ஒப்புதல் வாக்குமூலம் அளித்திருக்கிறார் என்று அதே கடிதத்தைக் காட்டினார். முதலாமவர் எந்தக் கட்சியைச் சார்ந்தவர் என்று மற்றவர் கேட்டதாகவும், கூட்டம் அரைமணி நேரம் அந்தப் பொருளிலேயே சென்றதாகவும் பின்னர் தெரியவந்தது. மூன்றாமவர் விடுப்பில் இருந்தார். இறுதியில் பதிவான தீர்மானம் இது: 'ஆய்வாளரின் பதிவு 30.06.2025 அன்று காலாவதியாகிவிட்டமையால் இக்கோப்பின் மீது முடிவெடுக்க வேண்டிய தேவை எழவில்லை.'

ஆகவே முடிவானவை பின்வருமாறு. உதயாவுக்குப் பட்டம் இல்லை. அதே துறையில், அவளைவிட இரண்டு வயது இளையவரான முனைவர் சத்யபிரியாவின் கீழ் அவள் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். பழைய ஆய்வேட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் குறைந்தது இரண்டாண்டுக்குப் புதிய தரவுகள் சேர்க்கவேண்டும். அவள் அதற்கு இசைந்தாள். ஆபேலின் கடைக்கு எவரும் வரவில்லை. ஜெயவேலு வட்டச் செயலாளராகவே நீடிக்கிறார். கட்சிக்காரர்களுக்கு இது ஒரு செய்தியாகவே படவில்லை. அசரியாவின் எட்டுக் கேள்விகளுக்கும் உதயா பதில் எழுதி அவருக்கு அஞ்சலில் அனுப்பினாள். மறுமொழி வரவில்லை, நாளை மீண்டும் தேர்வாளராக வரக்கூடியவர் மறுமொழி எழுதுவது முறையுமன்று.

புதிய விண்ணப்பப் படிவத்தை அவள் ஜூலை 26, சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் நிரப்பினாள். 2018ஆம் ஆண்டுப் படிவத்தின் நகல் பக்கத்தில் இருந்தது. அதில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியிருந்தாள். அவள் அதை எழுதியபோதே நிலம் விற்றுப் பதினோராண்டு ஆகியிருந்தது.

"நைனா, உன் தொழில் என்னன்னு போடறது?"

ஜெயவேலு செய்தித்தாளை இறக்கினார். சற்று யோசித்தார்.

"வாடகைன்னு போடு."

அவள் எழுதினாள்.

"அப்புறம் கட்சின்னும் போட்டுக்க. பின்னாடி எவனாவது கேக்கப் போறான்."

அதையும் எழுதினாள். தையல்நாயகி குளிர்பெட்டியின் கீழ்த்தட்டைத் துடைத்து, காலிப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஆகஸ்டு மாதத்தின் முதல் ஞாயிறு மூன்றாம் தேதி வந்தது. பீர்க்கன்காரணையிலிருந்து தொடங்குவதென்று முடிவாயிற்று.